களம் காத்தவன் பெயர்

தென்காசியைச் சுற்றி ‘வலசை’ என்று முடியும் ஊர்கள் உண்டு. குத்துக்கல்வலசை ஒன்று, கணக்கப்பிள்ளைவலசை இன்னொன்று. பறவைகள் வலசை போகின்றன என்கிறோமே, அதே வலசைதான் இது. இடம்பெயர்ந்து வந்தவர்கள் தங்கிய இடம் என்று பொருள். குத்துக்கல்வலசையின் தலையில் நிற்பது நட்டுவைத்த ஒரு கல். கணக்கப்பிள்ளைவலசையின் தலையில் நிற்பவர் கணக்கு எழுதியவர். கல்லுக்கும் கணக்குக்கும் ஊர்ப்பெயரில் இடம் கிடைத்திருக்கிறது. கிராமப் பணியாளர் வரிசையில் கணக்கப்பிள்ளை மேலே இருந்தவர். அதே வரிசையின் கடைசியில் ஒருவர் நின்றார். அவர் பெயரில் இந்தப் பக்கம் எனக்குத் தெரிந்து ஊர் எதுவும் இல்லை. அந்தப் பெயர் நாளடைவில் வசைச்சொல்லாகிவிட்டது. தோட்டி என்ற பெயரைத்தான் சொல்கிறேன்.

இன்று ஒரு மனிதரை இந்தச் சொல்லால் அழைப்பது அவமதிப்பு. அழைக்கவும் கூடாது. ஆனால் அந்தச் சொல்லில் நாற்றம் எப்போது ஏறியது, யார் ஏற்றினார்கள் என்று தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது. காலங்காலமாக அப்படித்தான், பிறவியிலேயே அந்தத் தொழில்தான் என்று பலர் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். சொல்லின் வரலாறு அதற்கு இடம் தரவில்லை.

கிழக்கிந்தியக் கம்பெனியின் விவகாரங்களைப் பற்றி 1812-இல் லண்டனில் நாடாளுமன்ற மக்கள் சபையின் முன் ஓர் அறிக்கை வைக்கப்பட்டது. வரலாறு படித்தவர்கள் ‘ஐந்தாம் அறிக்கை’ என்று அறிவார்கள். தென்னிந்தியக் கிராமம் எப்படி நடந்தது என்று விளக்கும் இடத்தில் ஊர்ப் பணியாளர்களின் பட்டியலை அது தருகிறது. ஊர்த் தலைவர், கர்ணம், தலையாரி, தோட்டி, எல்லை காப்பவர், ஏரியும் வாய்க்காலும் பார்ப்பவர், பூசை செய்பவர், பள்ளிக்கூட வாத்தியார், நாள் நட்சத்திரம் பார்ப்பவர், கொல்லர், தச்சர், குயவர், வண்ணார், நாவிதர், மாடு பார்ப்பவர், வைத்தியர், ஆடல் மகளிர், பாட்டுக்காரர், புலவர் என்று அது நீளுகிறது. இதில் தலையாரியையும் தோட்டியையும் இணையாகச் சேர்த்து அறிக்கை பேசுகிறது. குற்றங்களைப் பற்றித் துப்பு அறிவதும், ஊர்விட்டு ஊர் போகிறவர்களுக்குத் துணையாகப் போவதும் தலையாரியின் வேலை. தோட்டியின் வேலை ஊருக்குள்ளேயே இருந்தது. விளைந்த பயிரைக் காவல் காப்பதும், அறுத்த பிறகு களத்தில் நெல் அளக்கும்போது உடனிருந்து உதவுவதும் அவர் பொறுப்புகள் என்று அது எழுதுகிறது.

அந்தப் பட்டியலைத் திரும்பத் திரும்பப் படித்துப் பாருங்கள். பாட்டுக்காரருக்கும் புலவருக்கும்கூட இடம் இருக்கிறது. கூட்டிப் பெருக்குகிறவர் என்றோ, மலம் அள்ளுகிறவர் என்றோ ஒருவர் இல்லை.

அதற்கும் முந்தைய சான்று ஒன்று உண்டு. யூலும் பர்னெலும் தொகுத்து 1886-இல் வெளிவந்த ‘ஹாப்ஸன்-ஜாப்ஸன்’ அகராதியில் தோட்டி தனிச் சொல்லாகவே பதிவாகியிருக்கிறது. பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். தென்னாட்டுச் சொற்களை நேரில் கேட்டவர். சேசு சபைப் பாதிரியார்களின் கடிதத் தொகுப்பிலிருந்து 1730-ஆம் ஆண்டின் பிரெஞ்சுக் குறிப்பு ஒன்றை அந்த அகராதி எடுத்துக்காட்டுகிறது. ஒவ்வொரு கிராமத்திலும் தோட்டி என்றொரு பணியாள் உண்டு, ஊரார் கட்ட வேண்டிய வரிகள் அவர் பொறுப்பில் இருக்கின்றன என்பது அதன் சாரம். இங்கேயும் குப்பை இல்லை. அகராதிக்காரர்கள் தரும் விளக்கமும் சாதியில் தாழ்த்தப்பட்ட கிராமப் பணியாள், செய்தி கொண்டுபோகிறவர் என்ற அளவில்தான் நிற்கிறது. ‘தோண்டு’ என்ற வினையிலிருந்து பிறந்த சொல் என்று அவர்கள் கருதியது எனக்குப் பொருத்தமாகப் படவில்லை. பயிர் காப்பதும் நெல் அளக்க உதவுவதும் வரிக்கு ஆள் அழைப்பதுமாக இருந்தவருக்குத் தோண்டுதலை வைத்துப் பெயர் வர வேண்டிய அவசியம் என்ன? தெலுங்கிலும் கன்னடத்திலும் ‘தோடி’, ‘தோட்டி’ என்று இதே பெயர் கிராமப் பணியாளுக்கு உண்டு. கர்நாடகக் கிராமங்களில் தலவாரர், நீர்கண்டி, தோட்டி என்று சேர்த்துச் சொல்லும் வழக்கம் இருந்தது. அந்த நீர்கண்டியின் உறவுதான் நம் பக்கத்து நீர்க்கட்டி, நீர்பாய்ச்சி.

இந்தப் பணியாட்கள் யாருக்கும் மாதச் சம்பளம் கிடையாது. களத்துமேட்டில் நெல் தூற்றிக் குவித்ததும், பண்ணையாருக்கும் சர்க்காருக்கும் அளப்பதற்கு முன்னால், ஊர்ப் பணியாளர்களுக்கு என்று மரக்கால் கணக்கில் அளந்து ஒதுக்குவார்கள். அந்தப் பங்குக்குப் பெயர் ‘சுதந்திரம்’. கம்பெனிக் காலத்து ஆவணங்கள் இந்தச் சொல்லை அப்படியே எழுதிக்கொண்டன. விடுதலை என்ற பொருளில் பாரதி காலம் தூக்கிப் பிடித்த அதே சுதந்திரம், களத்தில் உழைப்பாளியின் உரிமைப் பங்காகவும் இருந்தது. கொடுத்தால் வாங்கிக்கொள்வது பிச்சை. கொடுக்காவிட்டால் கேட்டு வாங்கலாம் என்பது சுதந்திரம். இந்த ஏற்பாட்டில் சாதியின் கொடுமை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. தோட்டியின் பங்கு சிறியது, அவர் குடிசை ஊருக்கு வெளியே இருந்தது, செத்த மாட்டை இழுத்துப் போடுவதும் சாவுச் செய்தி சொல்லப் போவதும் பல ஊர்களில் இப்படிப்பட்ட கடைநிலைப் பணியாட்களின் தலையில்தான் விழுந்தது. ஆனாலும் அவர் ஊர் நிர்வாகத்தின் ஒரு படி. நெல் அளக்கிற இடத்தில் நிற்கிற அதிகாரம் அவருக்கு இருந்தது.

‘தோட்டி முதல் தொண்டைமான் வரை’ என்று நாம் சொல்லும் வழக்கும் இதைத்தான் காட்டுகிறது என்று நினைக்கிறேன். தொண்டைமான் புதுக்கோட்டை மன்னர். ஏழை முதல் பணக்காரர் வரை என்ற பொருளில் இன்று இதைப் பயன்படுத்துகிறோம். ஏழையைச் சொல்வதற்குத் தமிழில் எத்தனையோ சொற்கள் இருக்கத் தோட்டியை ஏன் எடுத்தார்கள்? மோனைக்காக மட்டும் இருக்காது. ஏணியின் ஒரு முனையில் மன்னரை வைத்தால் மறுமுனையில் அதே ஏணியின் கடைசிப் படியில் நிற்பவரை வைக்க வேண்டும். ஆட்சி ஏணியின் கடைசிப் படியில் நின்றவர் தோட்டி. அந்த வழக்கைப் படைத்தவர்கள் அவரை ஆட்சியின் ஆளாகத்தான் பார்த்திருக்கிறார்கள்.

இன்னும் பின்னால் போனால் சொல் வேறு உருவம் எடுக்கிறது. பழந்தமிழில் தோட்டி என்பது யானையை அடக்கும் அங்குசம். நீத்தார் பெருமை அதிகாரத்தில் வள்ளுவர் அறிவுறுதியைத் தோட்டியாகவும் ஐம்புலன்களை யானைகளாகவும் உருவகம் செய்திருக்கிறார். அந்தக் குறளில் தோட்டி செய்யும் வேலை காப்பது. புறநானூற்றின் 150-ஆம் பாட்டில் வன்பரணர் நள்ளியைப் பாடுகிறார். காட்டில் பசித்துக் கிடந்த தமக்கு ஊன் சுட்டுத் தந்து, அணிகலனும் தந்து, பேர் ஊர் சொல்லாமல் போன வேட்டுவன் யார் என்று பிறரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் பாட்டு அது. நள்ளியின் மலைக்குப் பெயர் தோட்டி. கொல்லன் உலையில் அடித்த தோட்டி வேறு, இந்தத் தோட்டி மலை வேறு என்று புலவர் சொல்நயம் காட்டுகிறார். ஒரு வள்ளலின் மலைக்குச் சூட்டும் அளவுக்குப் பெருமை உடைய சொல் அது. மலையாளத்தில் மாங்காய் பறிக்கும் துறட்டிக் கம்புக்கு இன்றும் தோட்டி என்றுதான் பெயர்.

அங்குசமான தோட்டியும் ஊர்ப் பணியாளான தோட்டியும் ஒரே வேர்தானா? கம்பும் கையுமாக வயலைக் காத்தவனுக்குக் கம்பின் பெயர் வந்திருக்கலாம் என்று சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது. ஒலி ஒத்துப்போவதாலேயே இரண்டு சொற்களை ஒன்றாக்கிவிடக் கூடாது என்பதால் அந்த ஆசையை நிறுத்திவைக்கிறேன். இரண்டிலும் காவல் என்ற கருத்து இருக்கிறது என்பதோடு நிற்போம். எப்படிப் பார்த்தாலும் 1812 வரை இந்தச் சொல்லின் மேல் மலம் ஒட்டவில்லை.

ஒட்டியது நகரத்தில்.

கிராமத்தில் மலம் அள்ளும் வேலையே கிடையாது. தாமிரபரணிக் கரையிலும் சிற்றாற்றுக் கரையிலும் மக்கள் ‘வெளிக்கி’ப் போனார்கள். ‘காட்டுக்குப் போயிட்டு வாரேன்’, ‘ஓடைக்குப் போயிட்டு வாரேன்’, ‘கால் கழுவிட்டு வாரேன்’ என்று சொல்லிப் போனார்கள். நன்னூலார் இடக்கரடக்கல் என்று இலக்கணத்தில் சேர்த்துவைத்த நாகரிகம் அது. வெயிலும் மண்ணும் பன்றியும் மிச்ச வேலையைப் பார்த்துக்கொண்டன. பெண்கள் விடியுமுன்னும் இருட்டிய பின்னும் மட்டுமே போக முடிந்த கொடுமையையும் இதோடு சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். ஆனால் ஒருவர் கழிவை இன்னொருவர் கையால் அள்ள வேண்டிய நிலை அங்கே இல்லை. வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி வரிசை கட்டி, சந்தையும் இரயிலும் கச்சேரியும் வந்து, ஆட்கள் நெருங்கியபோதுதான் வீட்டுக்குள்ளேயே கழிப்பிடம் கட்டும் தேவை வந்தது. அள்ளுவதற்கு ஆளும் தேவைப்பட்டார்.

வாந்திபேதி பயம் இதை விரைவுபடுத்தியது. ஊருக்கு ஊர் திருவிழாக் கூட்டத்தோடு காலரா பரவிய காலம் அது. சென்னை மாகாணத்தில் சுகாதார ஆணையர் பதவி 1864-இல் உண்டானது. 1865-இல் நகர மேம்பாட்டுச் சட்டம் வந்தது. அதன்படி 1866-இல் திருநெல்வேலி, பாளையங்கோட்டை, தூத்துக்குடி ஆகியவை நகரசபைகளாயின. 1884-இல் மாவட்ட நகரசபைச் சட்டமும் உள்ளாட்சி மன்றச் சட்டமும் சேர்ந்து வந்தன. நகரசபை அளவுக்கு வளராத ஊர்களுக்கு இரண்டாவது சட்டம் ‘யூனியன்’ என்ற அமைப்பைக் கொடுத்தது. வீட்டுவரி வாங்கித் தெரு கூட்ட வேண்டும், விளக்குப் போட வேண்டும், கழிவை அகற்ற வேண்டும். 1920-இல் இந்த இரு சட்டங்களும் புதுப்பிக்கப்பட்டன. 1939-இல் வந்த சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் இந்தியாவில் அவ்வகையில் முதலாவது.

சட்டம் வந்தது. கழிவைக் கொண்டுபோகக் குழாய் வரவில்லை. பாதாளச் சாக்கடை போடப் பணமும் தண்ணீரும் எந்தச் சிறு நகரசபைக்கும் இல்லை. குழாயும் தண்ணீரும் செய்ய வேண்டிய வேலைக்கு மனிதர்களை வைத்தார்கள். அவர்களுக்குப் பெயர் வேண்டியிருந்தது. கிராமக் கணக்கில் கடைசி வரியில் நின்ற பணியாளின் பெயர் கையருகே இருந்தது. நகரசபைப் பதிவேட்டிலும், ஆஸ்பத்திரி ஊழியர் பட்டியலிலும், இரயில் நிலையத்திலும் ‘தோட்டி’ ஏறியது. யார் இதைத் தொடங்கினார் என்று ஓர் ஆளைச் சுட்ட முடியாது. அலுவலக மொழி இப்படித்தான் நடந்துகொள்ளும்: புது வேலையின் இழிவை மறைக்கப் பழைய பதவியின் பெயரை எடுத்துப் போர்த்தும். அதே சமயத்தில், 1895-இல், கிராமத்துப் பரம்பரைப் பதவிகளுக்கென்று தனிச் சட்டமும் சென்னை மாகாணம் போட்டது. கிராமத்தில் மானியமும் சுதந்திரமும் பெற்ற தோட்டி ஒருவர், நகரத்தில் மலவாளி சுமந்த தோட்டி ஒருவர் என்று ஒரே பெயரில் இருவர் ஒரே காலத்தில் வாழ்ந்தார்கள். முதலாமவரை நாம் மறந்தே போனோம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நம் பக்கத்து நகர வீடு ஒன்றின் பின்புறத்தை மட்டும் பார்ப்போம். முன்னால் திண்ணை, உள்ளே பட்டாசல், அதற்குப் பின் அடுக்களை, அதையும் தாண்டிப் புறவாசல், கிணறு, தோட்டம். தோட்டத்தின் கடைசியில் இடுப்பளவு உயரத்தில் ஒரு மேடை. மேடையில் கால் வைக்க இரண்டு கற்கள், நடுவில் இடைவெளி. கீழே குழி கிடையாது, வெறும் தரை அல்லது ஒரு சட்டி. மேடையின் பின்சுவரில், தரையோடு ஒட்டி, ஒரு முழ அகலத்துக்கு ஒரு திறப்பு. அதற்கு ஒரு தகர மூடி. அந்தத் திறப்பு பின்னால் உள்ள முடுக்கைப் பார்த்து இருக்கும். இரண்டு தெருக்களின் புறவாசல்கள் சந்திக்கும் அந்த முடுக்கு, ஒரு ஆள் நடந்தால் இரண்டு தோளும் சுவரில் உரசும் அகலம்தான். ‘எடுப்புக் கக்கூஸ்’ என்று இதற்குப் பெயர். காலையில் ஒரு பெண் அந்த முடுக்கில் வருவார். இடுப்பில் மூங்கில் கூடை, கையில் ஒரு தகரத் துண்டும் சீவிப்போன விளக்குமாறும், ஒரு பொட்டணம் சாம்பலும். குனிந்தால் போதாது, தரையோடு குந்தி உட்கார்ந்து மூடியைத் தூக்கி, கையை உள்ளே விட்டு, தகரத்தால் வழித்துக் கூடையில் போட்டு, மேலே சாம்பலைத் தூவ வேண்டும். உள்ளே அந்த நேரத்தில் ஆள் உட்கார்ந்திருந்தால் காத்திருக்க வேண்டும். கூடை நிறைந்ததும் தலையில் ஏற்றித் தெருமுனையில் நிற்கும் இரும்புத் தொட்டி வண்டிக்கு நடக்க வேண்டும். ஆனி, ஆடியில் குற்றாலச் சாரல் தென்காசி வரைக்கும் பொசுபொசுவென்று தூறிக்கொண்டிருக்கும்போது அந்தக் கூடை ஒழுகும். ஒழுகுவது நெற்றியில், கண்ணில், வாயில்.

வண்டி போய்ச் சேருமிடம் ஊருக்கு வெளியே உரக்கிடங்கு. பள்ளம் வெட்டி நரகலையும் குப்பையையும் அடுக்கடுக்காகப் போட்டு மூடி மட்கவைப்பார்கள். பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தில் சி. என். ஆச்சார்யா 1939-இல் உருவாக்கிய முறைக்குப் பிறகு இது ஒழுங்காக நடந்து உழவர்களுக்கு எருவாகவும் போயிற்று. உரக்கிடங்கு என்ற அழகான சொல் இன்றும் நகராட்சிகளில் இருக்கிறது. பல ஊர்களில் அங்கே உரம் இல்லை, பிளாஸ்டிக் மலைதான் இருக்கிறது.

இந்தத் தொழிலின் சொற்களை ஒரு வரிசையில் வைத்துப் பார்த்தால் எனக்கு நெஞ்சு கனக்கிறது. காலையில் பெயர் கூப்பிடும் ‘மஸ்டர்’ ஆங்கிலம். தெளிக்கும் ‘பினாயில்’ ஆங்கிலம். வேலை வாங்கும் ‘மேஸ்திரி’ போர்ச்சுகீசிய மொழியின் ‘மெஸ்த்ரெ’. ‘கக்கூஸ்’ டச்சு. இந்தக் கடைசிச் சொல்லின் பயணம் வியப்பானது. டச்சு மொழியில் ‘காக்ஹொய்ஸ்’ என்றால் மலம் கழிக்கும் வீடு, அவ்வளவுதான். 1658-இல் டச்சுக்காரர்கள் போர்ச்சுகீசியரிடமிருந்து தூத்துக்குடியையும் யாழ்ப்பாணத்தையும் பிடித்தார்கள். 1663-இல் கொச்சியைப் பிடித்தார்கள். அவர்கள் கோட்டை கட்டி இருந்த இடமெல்லாம் அந்தச் சொல்லும் தங்கிவிட்டது. தமிழில் கக்கூஸ், மலையாளத்தில் கக்கூஸ், கன்னடத்தில் கக்கசு, சிங்களத்தில் கக்குஸ்ஸிய, இந்தோனேசிய மொழியில் காக்குஸ். யாழ்ப்பாணத்தார் அலுவலகத்தைக் கந்தோர் என்பதும், நாம் காசைத் துட்டு என்பதும் டச்சுக்காரர்கள் விட்டுப்போனவைதான். தங்கள் நாட்டில் அவர்கள் காக்ஹொய்ஸை என்றோ கைவிட்டுவிட்டார்கள்.

ஆக, இடத்துக்குப் பெயர் ஐரோப்பாவிலிருந்து வந்தது. மருந்துக்கும் மேற்பார்வைக்கும் பதிவேட்டுக்கும் பெயர் கப்பலில் வந்தது. அத்தனையையும் தாங்கிய மனிதருக்கு மட்டும் ஊருக்குள்ளிருந்தே பெயர் எடுக்கப்பட்டது. அப்படி எடுத்ததால்தான், இந்த வேலை ஆதிகாலம் முதல் இங்கே இருந்தது போன்ற தோற்றம் உண்டாயிற்று. நகரசபை புதிதாக உண்டாக்கிய ஒரு தொழில், பெயரின் பழமையால் தானும் பழமையானதாகிவிட்டது.

பெயரோடு சாதியும் பூட்டப்பட்டது. நகரசபைகள் பெரும்பாலும் அருந்ததியர்களையும் அவர்களைப் போல நிலமற்றுக் கிடந்த தாழ்த்தப்பட்ட பிற மக்களையும் இந்த வேலைக்கு எடுத்தன. பல ஊர்களில் அவர்கள் தெலுங்கு பேசுகிறவர்கள். ஊருக்கு ஓரமாக வரிசை வீடு கொடுத்தார்கள். தகப்பன் இறந்தால் மகன், மாமியார் ஓய்ந்தால் மருமகள் என்று வேலை பரம்பரையானது. களத்தில் கேட்டு வாங்கிய சுதந்திரம் போய், மாதச் சம்பளத்தோடு வீடு வீடாக நின்று வாங்கும் ராச்சோறு வந்தது. தண்ணீர் கேட்டால் எட்ட நின்று ஊற்றினார்கள்.

ஆள் பற்றாத ஊர்கள் வெளியிலிருந்து அழைத்தன. இதற்கு மறக்க முடியாத சான்று ஒரு மலையாள நாவலில் இருக்கிறது. தகழி சிவசங்கரப் பிள்ளை 1947-இல் எழுதிய அந்த நாவலைச் சுந்தர ராமசாமி ‘தோட்டியின் மகன்’ என்று தமிழுக்குத் தந்தார். கதை நடப்பது ஆலப்புழையில். மூன்று தலைமுறைத் துப்புரவுத் தொழிலாளிகள், அவர்கள் தமிழர்கள். தாத்தா இசக்கிமுத்து, தகப்பன் சுடலைமுத்து, மகன் மோகனன். முதல் இரண்டு பெயர்களைக் கேட்டதும் நம் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இசக்கியம்மனும் சுடலைமாடனும் திருநெல்வேலிச் சீமையின் தெய்வங்கள். வயற்காட்டு இசக்கியையும் சுடுகாட்டுச் சுடலையையும் பெயரில் சுமந்துகொண்டு மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டிப் போனவர்கள் அவர்கள். செங்கோட்டை அப்போது திருவிதாங்கூரைச் சேர்ந்தது. 1956 நவம்பர் 1 அன்றுதான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. 1904-இல் கொல்லத்துக்கும் செங்கோட்டைக்கும் இடையே இரயில் ஓடத் தொடங்கிய பின் ஆரியங்காவுக் கணவாயைத் தாண்டுவது ஒரு பகல் வேலையாகிவிட்டது. பிழைப்புத் தேடிப் போன ஏழைகளின் வலசை அது. பெயர் வைக்க ஊர் கிடைக்காத வலசை.

சுடலைமுத்து தன் மகனுக்கு மோகனன் என்று பெயர் வைப்பது அந்த நாவலில் ஒரு பெரிய காரியம். குலதெய்வத்தின் பெயரை விட்டுவிட்டு, மேட்டுக்குடிப் பிள்ளைகளுக்கு வைக்கும் பெயரை எடுக்கிறான். பெயரை மாற்றினால் தொழில் விட்டுப்போகும் என்று நம்புகிறான். காலரா வந்து அந்த நம்பிக்கையைத் தின்றுவிடுகிறது. மகனும் அதே வேலைக்குத்தான் வருகிறான். ஆனால் தகப்பனைப் போல நடுங்கிக்கொண்டு வரவில்லை, சங்கம் சேர்ந்து கொடி பிடிக்கிறவனாக வருகிறான். பெயர் மாற்றத்தின் எல்லை எது என்று தகழிக்கு அன்றே தெரிந்திருந்தது.

அதன் பிறகு நாம் பெயர் மாற்றிக்கொண்டே இருக்கிறோம். தோட்டி என்று எழுதுவது விடுபட்டுத் துப்புரவுத் தொழிலாளர், துப்புரவுப் பணியாளர் ஆயிற்று. ‘துப்புரவு’ என்பதும் தடம் மாறிய சொல்தான். நல்குரவு அதிகாரத்தில் வள்ளுவர் துப்புரவு என்று சொல்வது துய்க்கும் பொருளை: உணவு, உடை, வாழ்க்கைக்கு வேண்டிய வசதி. அது இல்லாதவர்களை அவர் ‘துப்புரவு இல்லார்’ என்கிறார். இந்தச் சொல் பின்னாளில் சுத்தம் என்ற பொருளுக்கு வந்தது. வள்ளுவர் பொருளில் துப்புரவு இல்லாதவர்களே நம் பொருளில் துப்புரவு செய்ய வந்தார்கள். 2020-இல் தமிழ்நாடு அரசு துப்புரவுப் பணியாளர் என்பதையும் விட்டுத் தூய்மைப் பணியாளர் என்று அழைக்க முடிவு செய்தது. நல்ல முடிவு. பழைய பெயர்களின் மேல் ஏறியிருந்த ஏளனத்திலிருந்து ஒரு தலைமுறைக்காவது மூச்சுவிட இடம் கொடுத்தது.

சட்டங்களும் வந்தன. எடுப்புக் கக்கூஸ் கட்டுவதையும் கையால் மலம் அள்ளவைப்பதையும் 1993-இல் ஒரு சட்டம் தடை செய்தது. அது பெரும்பாலும் ஏட்டில் கிடந்ததால் 2013-இல் இன்னும் கடுமையான சட்டம் வந்தது. சாக்கடைக்குள் இறங்கி இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023-இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. இழப்பீட்டை உயர்த்த வேண்டிய நிலை இருக்கிறது என்றால் இறப்பு நிற்கவில்லை என்றுதான் அர்த்தம். முடுக்கில் தகர மூடி போய்விட்டது. அதற்குப் பதில் செப்டிக் டேங்க் மூடி வந்திருக்கிறது.

இன்னொரு பெயரும் வந்திருக்கிறது. தென்காசி நகராட்சி எல்லைக்குள் குப்பை எடுப்பவர் தூய்மைப் பணியாளர். அந்த எல்லையைத் தாண்டி ஊராட்சிக்குள் வந்தால் வேலை அதேதான், பெயர் வேறு. தமிழ்நாட்டின் கிராம ஊராட்சிகளில் வீடு வீடாகப் போய்க் குப்பையை வாங்கிப் பிரிப்பவர்களுக்குத் ‘தூய்மைக் காவலர்’ என்று பெயர். குத்துக்கல்வலசையும் ஊராட்சிதான். இந்தக் காவலர்கள் பெரும்பாலும் பெண்கள். மிதிவண்டியில் அல்லது மின்கல வண்டியில் பச்சை, சிவப்புத் தொட்டிகளோடு வருவார்கள். விசில் சத்தம் கேட்டதும் வீட்டுக்காரர்கள் எல்லாவற்றையும் ஒரே பையில் கட்டிக் கொடுப்பார்கள். காவலர் அதை அவிழ்த்து வாழை இலையையும் சாம்பார்ப் பொட்டலத்தையும், மருந்து அட்டையையும் குழந்தையின் டயப்பரையும் வெறுங்கையால் பிரிப்பார். சீசன் தொடங்கிவிட்டால் குற்றாலத்தைச் சுற்றிய ஊர்களில் குப்பை பல மடங்காகும். அருவிகளில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு பயன்படுத்தக் கூடாது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தடை விதித்தது. தடைக்குப் பிறகும் பாக்கெட்டுகள் ஏதோ ஒரு ஓடையில் ஒதுங்குகின்றன. அவற்றைப் பொறுக்குவதும் இந்தக் கைகள்தான்.

இந்தப் பெயரை வைத்த அதிகாரிகளுக்கு 1812 அறிக்கை நினைவில் இருந்திருக்காது. ஆனால் பயிருக்குக் காவலாக நின்றவரின் பெயர் மலக்கூடைக்குப் போய், ஒரு நூற்றாண்டுக்கும் மேல் அங்கே அழுகி, இப்போது தமிழ் அரசாணையில் மறுபடியும் ‘காவலர்’ என்று திரும்பியிருக்கிறது. நான் இந்தப் பெயரை மனமார வரவேற்கிறேன். துடைப்பத்தை வைத்துச் சொல்லாமல், ஊரின் உடல்நலத்துக்குப் பொறுப்பானவர் என்று சொல்லும் பெயர் இது.

பெயர் திரும்பிவிட்டது, உரிமைப் பங்கு திரும்பவில்லை. நகராட்சியின் நிரந்தரப் பணியாளருக்கு இருக்கும் ஊதிய விகிதமோ ஓய்வூதியமோ தூய்மைக் காவலருக்குக் கிடையாது. மாதம் 3,600 ரூபாயாக இருந்து பிறகு 5,000 ரூபாயாக உயர்த்தப்பட்ட தொகைக்கு ‘மதிப்பூதியம்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மதிப்பூதியம் என்பது முழுநேர வேலை செய்யாதவருக்கு, பொதுத் தொண்டைப் பாராட்டிக் கொடுப்பது. இந்தப் பெண்கள் விடியற்காலையில் கிளம்பி வெயில் ஏறும்வரை நிற்கிறார்கள். தூய்மைக் காவலர் என்று எழுதும் அதே பதிவேட்டில், அந்தப் பெயருக்கு எதிரே மதிப்பூதியத்தை அடித்துவிட்டு ஊதியம் என்று எழுத வேண்டும். அதற்குரிய விகிதத்தையும், கையுறை, காலணி, காப்பீட்டையும், வேலையை நிரந்தரமாக்கும் உத்தரவையும் அதோடு சேர்த்து எழுத வேண்டும். இதை ஊராட்சிகளின் தலையில் மட்டும் கட்டிவிட முடியாது. மாநில அரசு செய்ய வேண்டியது இது.